வண்டியின் பங்கு

ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது சிங்கராயரின் கடை. லாரியோ டிராக்டரோ, விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்றால் அங்கேதான் வந்து நிற்கும். பெங்களூரில் ஒரு பேட்டரிக் கடையில் தொழில் கற்றவர். கல்யாணமானதும் மத்திகிரியில் வாடகைக்கு வீடு பிடித்து வந்துவிட்டார். தங்கமான மனுஷர். பியூஸ் விஷயத்தில் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வழியில் பியூஸ் போனால் டிரைவர்கள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகிக்கொண்டு வருவார்கள். சிங்கராயர் அதைப் பிடுங்கி எறிவார்.

"பியூஸ் போனா, எங்கயோ வலிக்குதுன்னு வண்டி சொல்லுதுய்யா! அது வாயில துணிய அடைச்சிட்டு வந்து நிக்கறியே!"

கத்தி முடித்துவிட்டு அவரே டீயும் சொல்வார். அந்த டீயில் பாதியை, பக்கத்துச் சைக்கிள் கடையில் வேலை பார்த்த நான் குடித்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் சரோஜம்மாளின் லாரி அவரைப் படாத பாடு படுத்தியது. தொரப்பள்ளிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த சரோஜம்மாள், புருஷன் போன பிறகு விவசாயத்தையும் லாரியையும் தனியாளாகக் கட்டி மேய்த்தவர். தோட்டத்துக் கோஸும் தக்காளியும் விடியுமுன்னே பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். ஓர் அமாவாசையில் லாரிக்குப் பூஜை போட்ட ஓரிரு நாளிலிருந்து, அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் முன்விளக்கு இரண்டும் பொசுக்கென்று அணைந்துவிடும். வேறு பியூஸ் போட்டால் கொஞ்ச தூரம் எரியும், மறுபடி போய்விடும். கடைக்கு வந்து நின்றாலோ ஒரு கோளாறும் இருக்காது.

மூன்றாவது முறை லோடு நேரத்துக்குப் போகாமல் தக்காளி நசுங்கி நாறியது. அன்று சரோஜம்மாளே லாரியில் ஏறி வந்து கடை வாசலில் இறங்கினார்.

"பூஜை போட்ட வண்டி வேதக்காரன் கைக்கு ஒத்துக்கல, சிங்கராயரே. அடுத்த வாரம் ஆஞ்சப்பன் ஓட்ட வரான். இவனுக்காகப் பேச வராதீங்க. நீங்களும் அதே கோயிலுதானே."

சிங்கராயருக்குச் சுருக்கென்றது. அவரும் வேதக்காரர்தான், கிறிஸ்தவர்; டிரைவரும் அவரும் போவது ஒரே சர்ச். டிரைவர் அருள்ஜோசப் தரையைப் பார்த்தபடி நின்றான். வீட்டில் அவன் மனைவி கிருபாராணி நிறைமாதம்.

"பேசலம்மா. அங்க நின்னு பாருங்க" என்றார் சிங்கராயர்.

முன்விளக்கு பல்புகளைக் கழற்றினார். பியூஸ் இருந்த இடத்தில் வேறொரு பல்பை ஒயரில் மாட்டித் தொங்கவிட்டு, விளக்கு சுவிட்சைப் போட்டார். ஒயர் எங்கும் இரும்பில் படாவிட்டால் இந்தப் பல்பு எரியக் கூடாது. எரியவில்லை. அருள்ஜோசப்பை மட்கார்டைப் பிடித்து ஆட்டச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ஒயரை அசைத்துக்கொண்டே முன்னால் வந்தார். முன்கிரில்லுக்குப் பின்னால் கை போகும்போது அருள்ஜோசப் பதறினான்.

"அண்ணா, அங்க வேணாம். அம்மா படைச்சது இருக்குது."

போன இரண்டு முறையும் இதையேதான் சொன்னான். சிங்கராயரும் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டார். தேங்காய் உடைத்ததும் ஒரு மூடியையும் வாழைப்பழத்தையும் கிரில்லுக்குப் பின்னால் வைப்பது சரோஜம்மாளின் வழக்கம். அது வண்டியின் பங்கு. உழைக்கிற மாட்டுக்கு வைக்கிறோம், லாரிக்கு வைக்க வேண்டாமா என்பார்.

"நீங்களே எடுங்கம்மா. நாங்க தொடல" என்றார் சிங்கராயர்.

சரோஜம்மாள் கைவிட்டு எடுத்தார். வெறும் சிரட்டைதான் வந்தது, கூடவே எலிப் புழுக்கை. அது இருந்த இடத்தில் எலி ஒயரின் மேலுறையைக் கொறித்து எடுத்திருந்தது; செம்புக்கம்பி வெளியே தெரிந்தது. சிங்கராயர் அதை லேசாகத் தட்டினார். இரும்பில் பட்டதும் பல்பு எரிந்தது.

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். சரோஜம்மாள் சிரட்டையை முந்தானையில் மறைத்ததைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க வண்டிக்குத்தான் வெச்சீங்க. தின்னது எலி. நின்னா ஒயரு விலகிக்குது, ஓடினா ஆடிப் படுது. இதுல டிரைவர் என்னம்மா பண்ணுவான்?"

கோபத்தையெல்லாம் அருள்ஜோசப் மேல் கொட்டினார். "உள்ள எலி வந்து போவுதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா?"

"அவங்க சாமிக்கு வெச்சதுண்ணா. நாம போயி அதக் குத்தம் சொல்றதா?"

சிங்கராயர் ஒயருக்கு நாடா சுற்றி முடித்ததும் சரோஜம்மாள் வண்டியில் ஏறிக்கொண்டார். ஆஞ்சப்பன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த அமாவாசை முடிந்து லாரி கடைப் பக்கம் வந்தது. கிரில்லுக்குப் பின்னால் சுத்தமாக இருந்தது. சரோஜம்மாள் இறங்கி, மடியிலிருந்து ஒரு தேங்காய் மூடியை எடுத்து அருள்ஜோசப்பிடம் நீட்டினார். அவன் கை நீளவில்லை. சாமிக்குப் படைத்ததை வேதக்காரர்கள் தின்பதில்லை; வாங்கினாலும் சங்கடம், மறுத்தாலும் சங்கடம். சிங்கராயர் ஸ்பானரைத் துடைப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்கு. வண்டியோட பங்கு இனிமே உனக்குத்தான்" என்றார் சரோஜம்மாள். "இது சாமிக்கு வெச்ச தேங்கா இல்ல. உனக்குன்னு வேற ஒண்ணு உடைச்சேன்."

அருள்ஜோசப் இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே நின்று தின்றான்.