ஒரகடத்திலிருந்து மும்பைக்கு இரண்டு மணி நேரம்

ஒரகடம் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பெண்ணின் கணவர் கப்பல்காரர். ஏறினால் ஒன்பது மாதம். மும்பையில் பயிற்சி முடித்து, ஊருக்கு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு ஏறுவதாகத்தான் ஏற்பாடு. அன்று காலை போன் வந்தது: கப்பல் முந்திக்கொண்டது, இன்றிரவே மும்பையில் ஏற வேண்டும்.

"போயி ஒரு எட்டு பாத்துர முடியுமா சார்?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். உலக வரைபடத்தை உள்ளங்கையில் வைத்திருப்பவன்போல நான் பேசித் திரிந்ததன் பலன்.

"ஆகாயத்துல ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். ரெண்டு மணி நேரம்மா" என்றேன். மாலை விமானத்தில் சீட்டும் போட்டு, கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னேன். ஒரகடத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு வந்த வழி இது: பல வருடங்களாகக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். கேட்டைத் தாண்டியதும் தூங்கிவிடுவேன். தாம்பரத்தில் யாராவது தட்டி எழுப்புவார்கள். நடுவில் உள்ள சாலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரின் தோள்தான்.

முதல் ஷிஃப்ட் விடும் நேரத்தில் எங்கள் டாக்சி கிளம்பியது. முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கவாட்டில் பஸ். எல்லாக் கம்பெனிகளும் ஒரே சமயத்தில் ஆட்களை வெளியே விட்டிருந்தன. ஜன்னல்தோறும் தூங்கும் தலைகள்.

"இன்னா சார், ஷிஃப்ட் வுடற டைம்ல ஏர்போர்ட்டா?" என்றார் டிரைவர்.

"மணிமங்கலம் வழியா பூந்து போலாமே?" என்றேன்.

"அங்கயும் பஸ்ஸுதான் சார் கீது."

படப்பையில் ஒரு மனைப்பிரிவு விளம்பரத்துக்கு எதிரே அசையாமல் நின்றோம். விமான நிலையம் இருபதே நிமிடம் என்றது பலகை. என்னைவிடப் பெரிய புளுகன் கிடைத்ததில் ஒரு நொடி ஆறுதல்.

"பிளேன் நமக்காவ நிக்குமா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்தினார். "ஷேர் ஆட்டோவா இருந்தா நிக்கும்மா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கணவரின் போன் வந்தது. "தாம்பரம் தாண்டியாச்சு" என்றார், படப்பையில் இருந்தபடியே. என்னைத் திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

விமான நிலைய வாசலில் டாக்சி நிற்பதற்குள் இறங்கி ஓடினார். சீட்டில்லாத என்னைக் காவலர் மறித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: வரிசையில் நின்றவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கும்பிட்டு முன்னேறிக்கொண்டிருந்தார். பிறகு ஆள் தெரியவில்லை. வெளியே நின்று, மேலே போன ஒவ்வொரு விமானத்தையும் முறைத்தேன். கடைசியில் போனில் ஒற்றைச் சொல் வந்தது: "ஏறிட்டேன்."

அன்றிரவு அவரே கூப்பிட்டார்.

"பாத்துட்டியாம்மா?"

"பாத்தேன் சார். கப்பல் ஆபீஸ் வேனு ரெடியா நின்னுச்சு. ஒரு டீ குடிச்சோம்."

"என்ன பேசினீங்க?"

"எப்படி வந்தன்னு கேட்டாவ. வண்டி நின்ன கதையச் சொல்ல ஆரம்பிச்சேன். படப்பையத் தாண்டலை, அதுக்குள்ள வேனுக்குக் கூப்ட்டுட்டாவ."