சேத்தியாத்தோப்பிலிருந்து திரும்பி வந்த பெயர்

செத்துப்போன புருஷன் பெயரைக் கண்ணகி கம்ப்யூட்டரில் உயிரோடு வைத்திருந்தாளாம். டவுன்ஷிப் முழுக்க இதுதான் பேச்சு. நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்கள். அவளுக்குப் பக்கத்து சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

கம்மாபுரத்துப் பெண் அவள். சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு தனியார் கம்பெனியில் எங்களுக்கு வேலை. நான் அக்கவுண்ட்ஸ், அவள் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் பிரிவு. அவள் புருஷன் அருண்குமார் அங்கேயே பர்மனென்ட் ஃபிட்டர்.

ஆட்களின் பெயர், கேட் அனுமதி எல்லாம் இரண்டு சர்வர்களில் இருந்தன. ஒன்று எங்கள் ஆபீஸில், மற்றது சேத்தியாத்தோப்பு ஒர்க்‌ஷாப்பில். இங்கே சேர்த்தால் அங்கேயும் சேரும். அங்கே திருத்தினால் இங்கேயும் திருந்தும். ஒரு பெயரை நீக்கினால், 'இவர் நீக்கப்பட்டார்' என்ற குறிப்பு சில மாதங்கள் இருக்கும். அடுத்த சர்வர் அதைப் பார்த்துத் தன்னிடமும் நீக்கிக்கொள்ளும். கெடு முடிந்தால் குறிப்பும் அழிந்துவிடும்.

அடைமழையில் சேத்தியாத்தோப்பில் தண்ணீர் புகுந்து அந்த சர்வரை நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் அருண்குமார் ஷிப்ட் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். போய்ச் சேர்ந்துவிட்டான். காரியம் முடிந்து வந்தவள், தன் கையாலேயே அவன் பெயரை நீக்கினாள். "நானே பண்ணிக்கறேங்க்கா, நீங்க கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்றாள். போனேன்.

பர்மனென்ட் ஆள் வேலையில் இறந்தால் பெண்டாட்டிக்கு பர்மனென்ட் வேலை. கம்பெனி விதி அது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த ஒரு வேலையைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சேத்தியாத்தோப்பு சர்வர் மாதக்கணக்கில் தூங்கியது. கெடுவும் தாண்டிவிட்டது. "அத அப்பிடியே போடாதீங்க சார். முழுசா அழிச்சிட்டு இங்கேர்ந்து புதுசா காப்பி எடுக்கணும்" என்று மேனேஜர் சிங்காரவேலிடம் அவள் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். அந்த மகானுபாவர், "ஆன் பண்ணா அதுவா சரியாவும்மா" என்றார். அவள் லீவில் இருந்த அன்று ஆன் பண்ணியும் விட்டார். அங்கே வேலை பார்த்தவர் ஃபிட்டர்கள் எல்லோருக்கும் பிரிவின் பெயரை மாற்ற, திருத்திய பதிவுகளெல்லாம் இங்கே வந்தன. தூங்கிய சர்வரில் நீங்காமலே இருந்த அருண்குமாரும் வந்தான். நீக்கிய குறிப்புதான் அழிந்துபோயிற்றே! புது ஆள் என்று நினைத்து எங்கள் சர்வர் சேர்த்துக்கொண்டது.

அவளுக்கு பர்மனென்ட் வேலை கொடுப்பதை முடிவு செய்ய மறுநாளே தலைமை ஆபீஸிலிருந்து கமிட்டி வந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அருண்குமார் பணியில் இருக்கிறான்.

"புரியுதும்மா, மனசு கேக்காம நீங்களே திரும்பச் சேத்திருக்கீங்க" என்றார் கமிட்டித் தலைவர், இரக்கப்பட்டாராம்!

கண்ணகி நடந்ததைச் சொன்னாள். அவர் சிங்காரவேலைப் பார்த்தார்.

"எல்லாம் அந்தம்மா கையிலதாங்க சார் இருக்குது" என்றார் சிங்காரவேல். பாவி!

"நா சேக்கறதா இருந்தா என் வூட்டு செவுத்துல எழுதி வெச்சிருப்பேன் சார். ஒங்க கேட்டுல அவரு பேரை வெச்சிகினு நா என்னா பண்ணப் போறேன்?" என்றாள்.

பொறுப்பான வேலைக்கு மனநிலை சரியில்லை என்று எழுதிவிட்டார்கள். பர்மனென்ட் வேலை போயிற்று. கான்ட்ராக்டும் போயிற்று.

அடுத்த வாரம் வடக்குத்து என்ற ஊரில் அவள் வாடகைக்குப் போன வீட்டில் இருந்தேன். போன் வந்தது. சிங்காரவேல்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணகி, ரிட்டயர் ஆனவங்க பேரெல்லாம் திரும்பி வந்துகினே இருக்குதும்மா. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு வருது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்."

"இத அப்பிடியே கமிட்டிக்கு எழுதிக் குடுங்க சார். அடுத்த பஸ்ல வந்து நிக்கறேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.