ஸ்ரெல்லா வீட்டுப் படலையில் கரோல்

ஸ்ரெல்லாவைத் தங்கமான மனுசி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அவளிடம் ஒருநாளாவது வாங்கிக் கட்டியிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் வாங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்து மெதடிஸ்த கோயிலில் மாதர் சங்கத்துச் சமையலை அவளோடு சேர்ந்து செய்தவள் நான்தான். இராசமலர் என்று பேர். உப்புக் கூடினாலும் பேச்சு, குறைந்தாலும் பேச்சு. சரியாக இருந்தால் மட்டும் வாயே திறக்கமாட்டாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்திறங்கிய சனத்தைப் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் பிரித்து இருத்தினார்கள். நாங்கள் ஹோல் என்று சொல்லும் கோயில் மண்டபத்துக்கும் ஒரு பங்கு வந்தது. போதகர் ஜெபம் செய்தார். சபைக்காரர் கூடி நின்று ‘ஐயோ பாவம்’ என்றார்கள். ஸ்ரெல்லா வீட்டுக்குப் போய், புருசனின் செத்த வீட்டுக்கு வாங்கிய பெரிய சமையல் கிடாரத்தை மகன் எட்வினோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்து ஹோலுக்குப் பின்னால் கஞ்சிக்கு அடுப்பு மூட்டினாள். அன்றைக்கு ஏறிய கிடாரம்தான். அதற்குப் பிறகு நாங்கள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்த நாட்கள் குறைவு. ஒரு சனம் போனால் இன்னொரு சனம் வந்தது.

தொண்ணூறில் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது குருநகரில் இருந்து ஓடி வந்தவர்களில் ஒருத்திதான் லூர்த்தம்மா. கத்தோலிக்க மனுசி. ஒரு கால் விளங்காது. கூட வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் போய்விட, போக இடமில்லாமல் எங்கள் ஹோலிலேயே தங்கிவிட்டா. விடியப்புறம் எழும்பிச் செபமாலை சொல்லுவா. மெதடிஸ்த ஹோலுக்குள் செபமாலையா என்று சபைக் கூட்டத்தில் ஒருவர் எழும்பினார். ஸ்ரெல்லா இருந்த இடத்தில் இருந்தே சொன்னாள்:

“அந்த ஆச்சி செபமாலை உருட்டுறதாலை உங்கடை கூரை இடிஞ்சு விழாது. விழுந்தால் அது குண்டு போடுற பொம்மராலைதான் விழும். பேசாமல் இருங்கோ.”

அந்த மனிதர் அதற்குப் பிறகு ஸ்ரெல்லா இருக்கும் கூட்டத்தில் வாய் திறந்ததை நான் காணவில்லை.

எட்வின் அவளுக்கு ஒரே பிள்ளை. தாயின் வாய் அவனுக்கு வரவில்லை, தகப்பனின் குரல் வந்தது. நத்தார்க் கரோல் என்றால் முன்னுக்கு விளக்கோடு நடப்பவன் அவன்தான். பாட்டுத் தொடங்கிக் கொடுப்பவர் தேவராசா மாஸ்ரர், எங்கள் பாடகர் குழுவின் தலைவர். பொம்மருக்குப் பயந்து பின்னேரமே புறப்பட்டு, இருளும் மைமல் பொழுதில் ஸ்ரெல்லா வீட்டு வாசற் படலையில் கரோலை முடிப்போம். பனங்கட்டியும் இஞ்சித் தேத்தண்ணியும் அங்கேதான். மண்ணெண்ணெய்க்குத் தடை வந்த பிறகு பெற்றோமாக்ஸ் மூலைக்குப் போய்விட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் திரியும் போட்ட விளக்கைத்தான் எட்வின் கொண்டு நடந்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் கரோல் பாடுவதில்லை. விளக்குப் பிடிப்பவர் படலையடியில் நின்று வெளிச்சத்தைக் கையால் மறைப்பார். எல்லாரும் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்கு நடப்பார்கள். துக்கக்காரரை எழுப்பி வெளியே கூப்பிடாத மரியாதை அது. நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லமாட்டேன்.

தொண்ணூற்று மூன்று புரட்டாதியில் எட்வினைக் கொழும்புக்கு அனுப்பியது ஸ்ரெல்லாதான். அவன் போகமாட்டேன் என்று நின்றான். இஞ்சை இருந்தால் இண்டைக்கோ நாளைக்கோ ஏதாவது நடந்துவிடும், அங்கே ஒரு வேலையைத் தேடு என்று பிடித்த பிடியில் நின்று அனுப்பினாள். பாதை கிளாலிக் கடல்தான். வேறு பாதை இருக்கவில்லை. இருட்டில் வள்ளங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். நேவிக்காரன் கண்டால் சுடுவான். இதெல்லாம் தெரிந்துதான் எல்லாரும் போனார்கள், வந்தார்கள்.

“கரோலுக்கு முதல் வந்திடுவன் அம்மா. தேத்தண்ணிக்கு இஞ்சியைக் கொஞ்சம் கூடப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டாளி ஒருவனின் சைக்கிளில் பின்னால் ஏறினான்.

அவன் போன வள்ளத்துக்குச் சூடு விழுந்தது. சில பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சில உடல்கள் ஒதுங்கின. எட்வின் இரண்டிலும் இல்லை. ஸ்ரெல்லா கிளாலிக் கரைக்குப் போய், சேற்றுக்குள் இறங்கி, ஒதுங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. நேவி பிடித்துக்கொண்டு போனது என்று ஒருவர் சொன்னார். அக்கரையில் ஏறியதைக் கண்டேன் என்று இன்னொருவர் சொன்னார். ஸ்ரெல்லா அந்த இரண்டாவது ஆளின் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ரை பிள்ளை இருக்கிறான் மலர். ஆரும் வந்து எனக்கு வேறை கதை சொல்லக்கூடாது.”

ஆரும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் சொல்ல ஆருக்குத் துணிவு இருந்தது?

அந்த நத்தாருக்கு நான் அவள் குசினியில் நின்றேன். கரோலுக்கென்று ஹோலில் இருந்து கொண்டுவந்த அதே கிடாரம், வழமையான தேத்தண்ணி. இஞ்சியை இடித்து இடித்துப் போட்டாள். காணும், போதும் என்றேன், கேட்கவில்லை. மைமலில் பாட்டுச் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டது. பக்கத்து வீட்டில் பாடினார்கள். ஸ்ரெல்லா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். சத்தம் நின்றது. படலைக்கு மேலால் ஜாம் போத்தல் வெளிச்சம் தெரிந்தது. பிறகு அந்த வெளிச்சமும் இல்லை. தேவராசா மாஸ்ரர் அதைத் தன் கையால் மறைத்துவிட்டார். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள்.

ஐயோ கடவுளே, இந்த மனிதருக்கு ஒரு வார்த்தை முன்னுக்குக் கேட்டால் என்ன? கேட்கமாட்டார். மரியாதை செய்கிறோம் என்ற நினைப்பில் கேட்கவே தோன்றியிருக்காது. ஸ்ரெல்லாவை நோகடிக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் நடக்கத் தொடங்க, ஸ்ரெல்லா படலையைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

“மாஸ்ரர்! நில்லுங்கோ மாஸ்ரர்! என்ரை வீட்டிலை ஆர் செத்தது?”

மாஸ்ரர் திரும்பினார்.

“சொல்லுங்கோவன்! ஆரைக் கொண்டுபோய்த் தாட்டனீங்கள்? எந்தச் சேமக்காலைக் குழியிலை? இது செத்த வீடில்லை! கேட்டுதே உங்களுக்கு? இது செத்த வீடில்லை!”

ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுப் படலைகளும் திறந்தன. மாஸ்ரர் படலையடிக்குத் திரும்பி வந்து, “பிழை எங்கடைதான் ஸ்ரெல்லா, இப்ப பாடுறம்” என்றார்.

“இனி வேண்டாம்” என்று உள்ளே வந்தாள். கிடாரத்தை இழுத்துக்கொண்டுபோய்த் தேத்தண்ணி முழுவதையும் வாழையடியில் ஊற்றினாள். பனங்கட்டிக்கும் தேயிலைக்கும் நாங்கள் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் நான் தடுக்கவில்லை.

அடுத்த கிழமை ஹோலுக்குக் கஞ்சி ஊற்ற வந்தாள். எப்போதும் போல எல்லாரையும் ஏசினாள். மாஸ்ரருக்கு மட்டும் வருடம் முழுக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. அவர் அடுத்த நத்தாருக்குப் பேசித் தீர்க்கவில்லை, பாடித் தீர்த்தார். தொண்ணூற்று நான்கு மார்கழியில் சமாதானம் வரப்போகிறது என்று சனம் நம்பிக்கொண்டிருந்தது. கரோலும் அந்த நம்பிக்கையோடுதான் போனது. அவள் படலையில் நின்று, தொண்டை கிழிய, இருக்கிற பாட்டெல்லாம் பாடினார். ஸ்ரெல்லா எல்லாருக்கும் தேத்தண்ணி வார்த்தாள். எட்வினின் கோப்பையிலும் வார்த்து விறாந்தைக் கட்டின் மேல் வைத்தாள். அது ஆறிக் கிடந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சமாதானம் வரவில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி பட்டினத்துக்குள் வரப்போகிறது, எல்லாரும் தென்மராட்சிக்குப் போங்கள் என்று இயக்கக்காரர் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். மழை. ஊரே கிளம்பிவிட்டது. நான் ஸ்ரெல்லாவிடம் ஓடினேன். அவள் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தாள்.

“நான் வரேல்லை. அவன் வந்து படலையைத் தட்டினால் ஆர் திறக்கிறது?”

“உனக்கென்ன விசரே? ஷெல் விழுகுது!”

“விழட்டும்.”

கெஞ்சினேன், பேசினேன், அழுதேன். போதகர் வந்து கேட்டார். அசையவில்லை. கடைசியில் லூர்த்தம்மா ஹோலில் இருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து அவ்வளவு தூரமும் நடந்து வந்தா. நனைந்து தொப்பலாகி, ஸ்ரெல்லாவின் காலடியில் நிலத்தில் குந்தினா.

“நீ வராட்டி நானும் இஞ்சை இருக்கிறன் பிள்ளை. விழுற ஷெல் ரண்டு பேருக்கும் ஒண்டாய் விழட்டும். உன்ரை கஞ்சியிலைதானே இவ்வளவு காலமும் உயிரோடை கிடந்தனான்.”

ஸ்ரெல்லா கிழவியை முறைத்துப் பார்த்தாள். “சனியன்” என்றாள். பிறகு எழும்பி, எட்வினின் சைக்கிளை எடுத்துக் கரியரில் தலையணை வைத்துக் கட்டி, கிழவியைத் தூக்கி இருத்தினாள். கிடாரம் ஹோலிலேயே கிடந்தது. படலையை மட்டும் பூட்டவில்லை.

நாவற்குழிப் பாலத்தடியில் சனம் இறுகிப்போய் நின்றது. ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்ல எனக்குத் தெரியாது. பிள்ளைகள் தண்ணீருக்கு அழ, குடையைத் திருப்பிப் பிடித்து மழைத் தண்ணீர் ஏந்திக் கொடுத்தார்கள். விடிந்து வெளிச்சம் வந்தபோது ரோட்டோரம் ஒரு வயதான மனிதரைக் கிடத்தியிருப்பதைக் கண்டோம். வழியில் உயிர் போய்விட்டது. மகள் ஒரு சேலையால் மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பின்னால் வரும் சனம் தள்ளிக்கொண்டே இருந்தது. அவளும் விட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டும்.

ஸ்ரெல்லா சைக்கிளை என் கையில் தந்துவிட்டு அவளிடம் போனாள்.

“ஐயாவின்ரை பேர் என்ன பிள்ளை?”

“நமசிவாயம். பண்டத்தரிப்பு. ஒரு தேவாரம் சொல்லுவம் எண்டால் எனக்கு வாயிலை வருகுதில்லை அக்கா.”

ஸ்ரெல்லாவுக்குத் தேவாரம் தெரியாது. தன் சபைப் பாட்டைப் பாடவும் இல்லை. ரோட்டு நடுவில் நின்று, கஞ்சிக்கு வரிசை பிடிக்கச் சொல்லும் அதே குரலில் கத்தினாள்: “ஆருக்காவது தேவாரம் தெரியுமே? இஞ்சை ஒரு மனுசன் பாட்டில்லாமல் கிடக்கிறார்! தெரிஞ்ச ஆக்கள் வாங்கோ!”

தலையில் மூட்டையோடு ஒரு பெரியவர் விலகி வந்தார். கடைசி வரி வரைக்கும் பாடினார். ஸ்ரெல்லா கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். பிறகு அந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள்.

கைதடி தாண்டிய பிறகு ஸ்ரெல்லா சொன்னாள்.

“மலர், அந்த மனுசனுக்கு நடுரோட்டிலையாவது ஒரு பாட்டுக் கிடைச்சுது. என்ரை பிள்ளைக்கு நான் என்னத்தைக் குடுத்தனான்?”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அந்த நத்தார் சாவகச்சேரியில். ஒரு பள்ளிக்கூட வளவில் கிடுகும் தறப்பாளும் போட்ட கொட்டில்கள். எங்கள் சபை நாலு திக்கும் சிதறிப்போய்விட்டது. கிடைத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தேவராசா மாஸ்ரர் கரோலுக்குப் புறப்பட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்ரெல்லாவும் கரோலோடு நடந்தாள். மாஸ்ரருக்குக் கை நடுக்கம். விளக்கை அவள் வாங்கிக்கொண்டாள். மாஸ்ரர் இப்போது பாடம் படித்துவிட்டார். ஒவ்வொரு கொட்டிலிலும் “இஞ்சை பாடலாமோ?” என்று மெல்லக் கேட்டார். பாடச் சொன்னவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்ற வாசல்களில் எல்லாம் ஸ்ரெல்லா உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்தாள், நாங்கள் நின்றுவிட்டு நடந்தோம்.

மைமலில் எங்கள் கொட்டிலுக்கு வந்தோம். உள்ளே லூர்த்தம்மா அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தா. இஞ்சி மணம் வாசலுக்கு வந்தது. அங்கே மட்டும் மாஸ்ரர் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, பாட வாயெடுத்தார்.

ஸ்ரெல்லா விளக்கைக் கையால் மறைத்தாள்.

மாஸ்ரரின் வாய் திறந்தபடியே நின்றது. போத்தல் சுட்டிருக்கும், ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. நாங்கள் தலையைக் குனிந்தோம்.

உள்ளே இருந்து லூர்த்தம்மா கூப்பிட்டா: “என்ன பிள்ளை, பாட்டைக் காணேல்லை? வந்த ஆக்கள் ஏன் பாடேல்லை?”

“பாடக்கூடாது ஆச்சி” என்றாள் ஸ்ரெல்லா. “இது செத்த வீடு.”

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள். அவள் கையில் இருந்த விளக்கை மாஸ்ரர் வாங்கிக்கொண்டார்.