கிண்ணத்தில் கிடந்த திருகாணி

"பஞ்சர் ஒட்டியாச்சு நோரீன், போய் ஓட்டும்மா."

"இதத்தானே மதியமும் சொன்னீங்க, ராய்ஸ்? மறுபடி காத்து இறங்கிடுச்சே! கடையில எலி வளக்கிறீங்களா?"

ராய்ஸ் தலையைச் சொறிந்தார். இந்தியானா பந்தயத் தடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மெக்கானிக் அவர். டயரில் ஆணியில்லை, கண்ணாடியில்லை. உள்ளே டியூபில் மட்டும் மறுபடியும் புது ஓட்டை. நோரீன் வண்டி ஓட்டவேண்டிய இறுதிப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

வேகத்தில் டயர் சக்கரத்தைவிட்டு வழுக்காதிருக்க, சக்கர விளிம்பு வழியாக டயருக்குள் குட்டைத் திருகாணிகள் முடுக்குவார்கள். கழற்றிய திருகாணிகள் கிண்ணத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்று மட்டும் நீளமாக இருந்தது. நோரீன் அதை எடுத்துக் காட்டினாள். ராய்ஸ் கவனிக்காமல் திரும்பத் திரும்ப முடுக்கிய அதுதான் ஒவ்வொரு முறையும் டியூபைக் குத்தியிருக்கிறது.

ராய்ஸின் முகம் சிவந்தது. டியூபை மறுபடி ஒட்டி, குட்டைத் திருகாணி ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"இத நீயே முடுக்கும்மா. எனக்கு இப்ப என் கைமேல நம்பிக்கையில்ல."