வேப்பூர் மாமாவும் மூன்றாவது அளவையும்

எங்கள் ஊர்க்காரர் கையில் ஒரு காலி டீ கப்பைக் கொடுத்துப் பாருங்கள். விரலால் அதன் விளிம்பை ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் மறுவேலை. கணீரென்றால் நல்ல கப். டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே எங்கேயோ ஓடுகிறது என்று அர்த்தம். விருத்தாசலத்தில் பீங்கானோடு பிழைக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் உள்ள வியாதி இது. எங்கள் பெரியப்பா செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருந்தார். கப், சாசர், கொலு பொம்மை எல்லாம் வரும். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைக்கூடச் சுண்டிப் பார்ப்பவர் அவர்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ‘செய்யாதே’ என்று யாராவது சொன்னால் அதைத்தான் முதலில் செய்வேன். ஈரம் காயாத பிள்ளையார்களைத் தொடாதே என்று பெரியப்பா ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் எங்கள் யூனிட்டிலிருந்து சூளைக்குப் போன ஒரு பலகைப் பிள்ளையார் முழுவதும் தொந்தியில் என் கட்டைவிரல் பதிந்தபடியே வெந்து வந்தார்கள். அவர்களை விற்க முடியாமல் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். தத்துவத்தில் ஒரு எம்.ஏ., இதழியலில் ஒரு எம்.ஏ., இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒரு பிஎச்.டி. ஒன்றைத் தெரிந்துகொள்ள மூன்று வழி உண்டு என்று நம் பழைய தத்துவக்காரர்கள் சொல்கிறார்கள். நேரில் பார்ப்பது காண்டல். அடையாளத்தை வைத்து ஊகிப்பது கருதல். நம்பகமானவர் சொல்லைக் கேட்டு ஏற்பது உரை. இவற்றுக்கு அளவை என்று பெயர். மூன்றாவது அளவையை வைத்துக்கொண்டு இன்றைய செய்தித்தாளை எப்படி வாசிப்பது என்பதுதான் அத்தையின் ஆராய்ச்சி. “டீக்கடையில நாங்க ஓசியில படிக்கிற பேப்பர இவ ஆறு வருஷமா படிக்கிறா,” என்பார் பெரியப்பா.

எனக்கோ அது மந்திரம் கிடைத்த மாதிரி இருந்தது. பால் பொங்கிவிட்டது என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினால் ‘உரை’ என்பேன். ஓடிப்போய்ப் பார்த்து ‘காண்டல்’ என்பேன். அம்மா கரண்டியைத் தூக்கியதும் அடுத்து என்ன நடக்கும் என்று புரிந்து தெருவுக்கு ஓடிவிடுவேன். அது கருதல்.

இதற்கு நடுவில்தான் மாப்பிள்ளை வந்தார். வந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, அவர் வரவேயில்லை. துபாயில் இருந்தார். பெரியம்மாவின் தம்பி, வேப்பூரில் ஹைவே ஓரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மாமா, கொண்டுவந்த இடம் அது. பையன் தங்கம் என்று கேள்வி, என்றார் மாமா. மாப்பிள்ளையின் அப்பா அம்மா மட்டும் வந்து அத்தையைப் பார்த்து, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பையன் நிச்சயத்துக்குத்தான் லீவில் வருவானாம். அதுவரை எந்த வரன் வந்தாலும் “படிப்பு முடியட்டும்ணா” என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிப்போட்டுவந்த அத்தைக்கு இப்போது அந்த வாக்கியம் செல்லாது. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு, வைவாவுக்கு, தேதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வைவா, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று பெரியப்பா முடிவு செய்தார். பையனைப் பார்த்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். முடிப்பதற்குள் பெரியப்பா எழுந்து யூனிட்டுக்குப் போய்விட்டார். அவரோடு யாரும் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்ததில்லை.

மாடியில் தினம் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. மூக்கு உடைந்த செட்டியார் பொம்மைதான் வெளித் தேர்வாளர். பிள்ளையார்கள் துறைப் பேராசிரியர்கள். நான் பார்வையாளர். செய்தியைச் சொன்னவர் நேரில் கண்டவரா, சொல்வதால் அவருக்கு லாபம் உண்டா, திருப்பிக் கேட்டால் பதில் சொல்வாரா என்று அத்தையின் ஆய்வில் மூன்று சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் உதாரணம் கேட்பாள். ஸ்கூலுக்கு லீவு என்று பரவிய புரளியைச் சொன்னேன். “வேற,” என்றாள். பக்கத்து வீட்டு நாய் கடித்தது என்று வந்த பொய்யைச் சொன்னேன். “வேற.” வேப்பூர் மாமா சொன்ன மாப்பிள்ளையைச் சொன்னேன். அத்தை செட்டியார் பொம்மையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

“பாப்பா, அந்த மாப்பிள்ளைக் கேள்விய மட்டும் வைவால கேட்டுடாத.”

சரி என்றேன். மறுநாளும் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறும்போது என் காதருகே குனிந்து இன்னொரு தடவை சொன்னாள்.

முனைவர் பட்ட வைவா என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். ஆகவே குடும்பமே போனது. வந்தவர்களுக்குச் சமோசா, ஸ்வீட், மிக்சர் எல்லாம் ஆய்வு மாணவரின் வீட்டுச் செலவு. எங்கள் கௌரவத்துக்குப் பேப்பர் கப்பா? பெரியப்பா யூனிட்டிலிருந்து அட்டைப் பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டிய பீங்கான் கப்புகள் வந்திருந்தன. அத்தை பேச ஆரம்பித்த நேரம் பார்த்துக் கப்புகள் கைக்குக் கை போயின. நாங்கள் உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசை மொத்தமும் டிங், டிங், டிங் என்றது. அத்தையின் ஆய்வு நெறியாளர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். பெரியப்பா ஒன்றை மட்டும் ஓரமாக எடுத்து வைத்தார்.

அத்தை பிரமாதமாகப் பேசினாள். அத்தனை பேரும் நடுவில் எழுந்து போகாமல் அவள் பேச்சைக் கேட்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளித் தேர்வாளர் வயதான அம்மா ஒருவர். அவர் குடைந்து குடைந்து கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. பிறகு பார்வையாளர்கள் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். அத்தையின் தோழிகள் வரிசையாக எழுந்து அழகான கேள்விகளாகக் கேட்டார்கள். எனக்கு உள்ளங்கால் அரித்தது. கேட்கக் கூடாத கேள்வி நாக்கு நுனியில் குதித்துக்கொண்டிருந்தது. வேறு யாராவது உண்டா என்றார் நெறியாளர். கை தானாகத் தூக்கிக்கொண்டது. அம்மா கவுனைப் பிடித்து இழுத்தும் நான் எழுந்துவிட்டேன்.

“வேப்பூர் மாமா எங்க அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்காங்க. தங்கமானவருன்னு சொல்றாங்க. ஆனா அவங்க நேர்ல பாக்கல. நிச்சயத்துக்குச் சாப்பாடும் அவங்க கடைலேருந்துதான் வருது. அவங்க சொல்றத நம்பலாமா அத்தை?”

அரங்கமே சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். நெறியாளர் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். வெளித் தேர்வாளர் கையைக் காட்டித் தடுத்தார். அவையில் எழுந்த கேள்வி, ஆய்வாளர் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றார்.

அத்தை தண்ணீர் குடித்தாள். சொன்னவர் கண்டவரில்லை, சொல்வதில் அவருக்கு ஆதாயம் இருக்கிறது, இதுவரை யாரும் அவரைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, ஆகவே இது இன்னும் உரை அளவை ஆகாது, வெறும் தகவல்தான் என்று ஆய்வேட்டுத் தமிழில் நிதானமாகச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தேர்வாளரை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். குரல் எங்கள் வீட்டுக் குரலாக மாறிவிட்டது.

“எங்க அண்ணன் ஒரு டீ கப்பக்கூட தட்டிப் பாக்காம வெளிய அனுப்ப மாட்டாருங்க. தங்கச்சிக்கும் அவ்ளோதான் கேக்கறேன்.”

பெரியப்பாவால் எழுந்து போக முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள், மடியில் சமோசா. கையிலிருந்த கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டம் தரப் பரிந்துரைக்கிறேன் என்று அந்த அம்மா அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பெரியப்பா கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார். ஆனால் கடைசியாக நிறுத்தியவரும் அவர்தான்.

திரும்பும்போது வேனில் மிச்ச மிக்சர் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. எனக்கு அடி நிச்சயம் என்று கருதல் சொன்னது. பெரியப்பா வேப்பூர் மாமாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“மச்சான், அந்தத் துபாய்ப் பையன நீ நேர்ல பாத்திருக்கியா?”

“நான் எங்க பாத்தேன், மாமா? நம்ம கடைக்கு வர்ற மங்களூர்காரரு சொன்னாரு.”

“அவரு பாத்தாரா?”

“அவரு சம்சாரம் சொன்னாங்களாம். என்னா மாமா திடீர்னு?”

“ஞாயித்துக்கிழம சமைக்காத. பையன் ஊருக்கு வரட்டும், மொதல்ல பாத்துப் பேசிக்குவோம்.”

போன் வைக்கப்பட்டதும் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என்னால்தான் அழுகிறாள் என்று நினைத்து நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

பையன் அந்த லீவில் வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை, பேச்சு அப்படியே கரைந்துபோனது. அவர் உண்மையிலேயே தங்கமாகவும் இருந்திருக்கலாம். யாரும் தட்டிப் பார்க்கவில்லை. அத்தை இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் இதழியல் சொல்லித்தருகிறாள். தானே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கணவரோடு இருக்கிறாள்.

எனக்கும் அந்த ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்து, அடுத்த வாரம் எனக்கு வைவா. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். நேற்று ஆய்வு மாணவர்கள் எல்லோரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். பார்வையாளர் வரிசையில் யார் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோழிகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ தட்டுப்பட்டது. அத்தையும் தன் தோழிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தானே வைத்திருப்பாள்? எதைக் கேட்கக் கூடாது என்று அவள் சொல்லிவைத்தது என் ஒருத்தியிடம் மட்டும்தான்.

உடனே போன் செய்து கேட்டேன். அத்தை சிரித்தாளே தவிர, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஆகவே இது உரை இல்லை. ஆனால் ‘தொடாதே’ என்று பெரியப்பா சொன்ன அந்தப் பிள்ளையார்கள் பல வருஷம் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தார்கள். அவர்கள் தொந்தியில் இருந்த என் கட்டைவிரலை அவளும் கண்டவள்தானே.