டச்சுக்காரர்கள் சரணடைய மறுத்த சனிக்கிழமை

கோட்டை சுற்றிக்காட்டும் தொழிலில் கால்வலி ஒரு மாதத்தில் பழகிவிடும், கேள்விகள்தான் பழகாது. ரேஷன் கடையிலோ, வங்கிக் கவுண்டரிலோ, பேருந்துக்குள்ளோ பொதுமக்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

தக்கலைப் பக்கம் ஒரு பழைய கோட்டை. இப்போது மரமும் மானும் வளர்க்கும் பூங்கா. குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னரிடம் தோற்ற கதையை வருகிறவர்களுக்குச் சொல்வது என் வேலை. சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அதையே விளையாட்டாக நடத்துவேன். வேலை நிரந்தரமில்லை. மேலதிகாரி ஒருநாள் வந்து பிள்ளைகள் நிகழ்ச்சியைப் பார்ப்பார். பிடித்தால் நான் இருக்கலாம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள் நான். திரும்பவும் அங்கே போய் நிற்க எனக்குத் துளியும் விருப்பமில்லை.

போர்க்களம் எங்கே?

உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் ரத்தம் சிந்திய இடத்தைப் பார்த்தாக வேண்டும். நாகர்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, செல்போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, "சண்ட நடந்த எடத்தக் காட்டுங்க" என்றார். சண்டை இங்கே நடக்கவில்லை, குளச்சலில் கடலோரமாக நடந்தது, பிடிபட்ட டச்சுத் தளபதி பிற்பாடு வாழ்ந்து இறந்த இடம்தான் இது என்றேன். அவர் என்னையும் கையிலிருந்த நுழைவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்ட அங்க, டிக்கெட்டு இங்கயா?"

சுரங்கம்

சுரங்கம் இல்லாத கோட்டையை நம் ஜனங்கள் கோட்டையாகவே ஒப்புக்கொள்வதில்லை. இங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுரங்கம் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நான் பார்த்ததில்லை, தானே பார்த்ததாகச் சொன்னவரையும் பார்த்ததில்லை. எங்கள் வாசல் காவலாளி செல்லப்பன் அண்ணன் மட்டும் ஒரு புதரைக் காட்டி, "அந்தப் பக்கம் போவப்பிடாது" என்று கண்ணைச் சிமிட்டுவார். புதருக்குப் பின்னால் இருப்பது பழுதாகிப்போன தண்ணீர் மோட்டார்.

சுசீந்திரத்திலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் நான் உள்ளதைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க அப்பா அதுக்குள்ள நடந்து போயிருக்காவ. நீங்கல்லாம் வந்த பொறவுதான் பூட்டிப் போட்டிய."

தளபதி உத்தியோகம்

தோற்றுப் பிடிபட்ட அந்த வெளிநாட்டுக்காரரையே மன்னர் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார், பிறகு தளபதியாகவும் ஆக்கினார் என்று இங்கேயுள்ள அவருடைய கல்லறையருகே நின்று சொல்வேன். கூட்டம் வாயைப் பிளக்கும் கட்டம் இது. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், இன்ஜினியரிங் முடித்த மகனோடு வந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியாலே மக்கா? அவன் தோத்துட்டு வந்து தளபதி ஆயிட்டான். நீ பாஸாயிட்டு வீட்டுல கெடக்க."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை கிடைக்காத முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்.

"அவரு கப்பல்ல வந்தாருப்பா. நான் எஸ்டேட் பஸ்லதான வந்தேன்."

துடுப்பு

பிள்ளைகள் நிகழ்ச்சியில் நான் பெருமையாக நினைத்திருந்த கட்டம் ஒன்று உண்டு. கடற்கரை மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் பெரும்படை என்று மிரண்டார்களாம். ஊரில் சொல்கிற கதை. ஒரு கூட்டம் துடுப்போடு நிற்கும். அட்டைத் தொப்பி போட்ட இன்னொரு கூட்டம் பயந்து சரணடையும். தோற்கிற கட்சிக்கு ஆள் சேராது என்பதால் தொப்பிகளில் சேவல் இறகு செருகி வைத்திருந்தேன்.

மேலதிகாரி வந்த சனிக்கிழமை, சுசீந்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றும் கடலோரத்துக் கடியப்பட்டணம் பக்கத்துப் பள்ளி ஒன்றும் வந்திருந்தன. இறகைப் பார்த்ததும் கடற்கரைப் பிள்ளைகள் பாய்ந்து தொப்பிகளை எடுத்துக்கொண்டார்கள். ஷைனி என்ற ஆறாம் வகுப்புப் பெண் தளபதி. சுசீந்திரத்து வயல்காட்டுப் பிள்ளைகள் துடுப்புகளைத் தோளில் வைத்தார்கள், பாதிப் பேர் தலைகீழாக. அதிகாரி நாற்காலியில் அமர்ந்தார். விசில் ஊதினேன். டச்சுப் படை அசையவில்லை.

"பயப்படணும் மக்கா" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? அது துடுப்புல்லா!" என்றாள் ஷைனி.

"துப்பாக்கின்னு நெனச்சுக்கோ."

"துடுப்பப் பாத்து எப்பிடி டீச்சர் துப்பாக்கின்னு நெனைக்கது? எங்க வீட்டுலயே கெடக்கு."

அவளுடைய படை மொத்தமும் தலையாட்டியது. தூங்கி எழுந்தால் துடுப்பில் முழிக்கிற பிள்ளைகளைப் பிடித்து டச்சுக்காரர்களாக்கிய என் புத்தியை என்ன சொல்ல! அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மன்னரின் படையில் ஒருவன் கை வலித்துத் துடுப்பை ஊன்றி உட்கார்ந்தே விட்டான். அதிகாரி இப்படியே எழுந்து போனால் என் கதை முடிந்தது. ஷைனியின் பக்கத்தில் போய்க் குனிந்து காதோடு உண்மையைச் சொல்லிவிட்டேன்: "நீ இப்பத் தோக்கலேன்னா எனக்கு வேல போயிரும் மக்கா."

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற சத்தத்தில், அதிகாரிக்கும் நன்றாகக் கேட்கும்படி தன் படையைப் பார்த்துக் கத்தினாள்: "ஏலே, ஏட்டி, எல்லாரும் பயப்படுங்க! டீச்சருக்கு வேல போயிருமாம்!"

அவ்வளவுதான். டச்சுப் படை அலறியது. தொப்பிகள் பறந்தன. சிலர் மண்ணில் உருண்டார்கள். ஒரு பையன் நிஜமாகவே கும்பிட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், வெட்கத்திலா அழுகையிலா என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போதுதான் வாய் திறந்தார்.

"அடுத்த வருஷமும் நீங்க நடத்தும்போது துடுப்பக் கடற்கரைப் பிள்ளைங்ககிட்ட குடுங்கம்மா."

குளச்சலில் டச்சுக்காரர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்று படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லட்டும். எங்கள் கோட்டையில் அவர்கள் சரணடைந்தது ஒரு தற்காலிக ஊழியரின் வேலைக்காகத்தான்.