வீட்டைக் கட்டிவிட்டு அக்கரை போனவர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஐந்து, ஐந்தையும் குறைவில்லாமல் ஆளாக்கியவள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று நிறுத்திவிட்டாலும், களிமண்ணும் வைக்கோலும் சேர்ந்து ஊறிக் கிளப்புகிற அந்தப் புளித்த வாசத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த எழுத்துப் போதும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் முழங்கால்வரை சேற்றில் நின்று மிதிக்க, ஏழு வயதுக்காரி நான் வைக்கோலை அள்ளி அள்ளிப் போடுவேன்; அப்படித்தான் இந்த வளவில் சுவர் எழுந்தது.

எங்கள் ஆரையம்பதி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர். படித்தவர்கள் வாவி என்பதை நாங்கள் 'ஆறு' என்போம். அதற்கு இந்தப் பக்கம் எழுவான்கரை. வயலும் காடுமாய் விரிந்த அந்தப் பக்கம் படுவான்கரை. இரண்டு கரைக்கும் வழக்கம் ஒன்றுதான்: வீடு பெண்பிள்ளைக்கு, கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டில் போய் இருக்க வேண்டும். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. கட்டுகிறவரும் இந்த வீட்டிலேயே இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்ன மருமகன், இதில உங்களுக்கு ஒரு நிலைக்கதவும் இல்லயே, என்னத்துக்கு இப்பிடி மாயிறீங்க?" என்று பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் சீண்டுவார்.

"தங்கச்சிட வீடு மாமி. எந்தக் காத்துக்கும் அசையப்படாது" என்பார் அண்ணன், மிதிப்பதை நிறுத்தாமல்.

கூரைக்குத் தென்னோலைக் கிடுகு ஏறிய வருடமே படுவான்கரையில் அவருக்குப் பெண் பேசி முடித்தார்கள். அண்ணன் இனி அங்கேதான் இருப்பார் என்பது அம்மா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அழுதேன், சோறு வேண்டாம் என்றேன், கடைசியில் "வீட்ட நான் அண்ணனுக்குக் குடுத்திட்டன்" என்று எல்லாருக்கும் அறிவித்தேன். வீடே சிரித்தது.

கலியாணத்தன்று, காத்தான்குடியில் வாங்கின புது வேட்டியோடு அண்ணன் முன்னால் நடக்க, மண்முனைத் துறையில் தோணி ஏறினோம். அக்கரையில் வெற்றிலைத் தட்டோடு நின்ற பெண்ணின் தாயைக் கண்டதும் ஓடிப்போய் அவர் சேலையைப் பிடித்தேன்.

"மாமி, எண்ட வீட்ட அண்ணனுக்குக் குடுத்திட்டன். அவரக் கிறுகி எங்களோட அனுப்பிருங்க."

அவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், புதுச் சாணம் மெழுகிய சுவரைக் காட்டினார். "இதக் கட்டினது எண்ட மூத்தவன், புள்ள. இப்ப உங்கட கரையிலதான், செட்டிபாளையத்தில இருக்கான். அவன் போன அண்டைக்குத் தோணிக்குக் குறுக்க படுத்துக் கிடந்தவள் ஆர் தெரியுமா? இந்தா இருக்காளே, இவள்தான்." கூறைச்சேலையில் குனிந்திருந்த மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டு அழுதாள். அவள்மேல் நான் வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

பின்னேரம் அண்ணன் என்னைத் தூக்கித் தோணியில் இருத்தினார், தான் ஏறவில்லை. "கூரை ஒழுகினாச் சொல்லியனுப்பு புள்ள, வாறன்" என்றார். ஒழுகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருக்கவே இல்லை. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் கிடுகுக்கட்டோடு வந்து, நாள்முழுக்க வேய்ந்து, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுக் கடைசித் தோணிக்கு ஓடுவார். என் ஐந்து பிள்ளைகளும் அந்தக் கூரையின் கீழேதான் பிறந்தார்கள்.

இப்போது துறையும் இல்லை, தோணிக்காரரும் இல்லை, பாலம் வந்துவிட்டது. கிடுகு போய் ஓடு, மண்சுவர் போய்க் கல்சுவர். என் ஆண்பிள்ளைகள் இருவரும் மனைவிமார் வீட்டில். இந்த வீட்டைக் கடைசி மகளுக்கு எழுதியாயிற்று. காணி உறுதியில் முதலில் அம்மாவின் பெயர், பிறகு என் பெயர், இனி அவள் பெயர். இத்தனை காலத்தில் அண்ணனுடைய உழைப்பு ஒரு தாளிலும் ஏறவில்லை. அதனால்தான், எழுத்துக் கூட்டிக் கூட்டி, நான்கு நாளாக இதை எழுதினேன்.

அண்ணன் இன்றைக்குப் பாலத்தால் பஸ்ஸில் வந்து, உள்ளே கதிரையில் இருக்கிறார். தொண்ணூறு ஆகப்போகிறது, காது மந்தம்.

"மகள், இஞ்ச வா. இத எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அங்க உள்ளுக்கு இருக்கிறவருக்கும் கேக்கிற மாதிரி, நல்லாப் பெலத்து வாசி."